முட்டியா, பெட்டியா? லவ்பேர்ட்ஸ் சோடிக்கு எதைக் கட்டுவது

கொழும்பில் நாம் லவ்பேர்ட்ஸ் என்று சொல்லி வாங்குவது பெரும்பாலும் பட்ஜி என்கிற ஆஸ்திரேலியக் குருவி. காட்டில் அது யூக்கலிப்டஸ் மரப்பொந்துக்குள் முட்டையிடும். பொந்து மாதிரி ஒன்றும் இல்லாத கூட்டில் சோடி எவ்வளவு கொஞ்சினாலும் பெட்டை பெரும்பாலும் முட்டை வைக்காது. அதனால் மண்முட்டி, மரப்பெட்டி இரண்டில் எதைக் கட்டுகிறோம் என்பதோடு எப்போது கட்டுகிறோம், எப்போது கழற்றுகிறோம் என்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் ஓர் அண்ணன் முற்றத்துப் பெரிய கூட்டில் பத்துச் சோடி வைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மண்முட்டிதான். “தம்பி, முட்டியின்ட அடி உருண்டைதானே, முட்டை சிதறாது” என்பார். அது முழு உண்மை. குழிந்த அடியில் முட்டைகள் ஒன்றாகச் சேர்ந்து கிடக்கும், பெட்டை எல்லாவற்றையும் மூடிப் படுக்கலாம். குஞ்சுகளின் காலும் அகலமாக விரிந்து ஊனமாகாது. தட்டையான அடியுள்ள பெட்டியில் இந்த இரண்டு கேடும் வரும். பெட்டி வாங்குகிறவர்கள் முதலில் அடிப்பலகையில் குழி குடைந்திருக்கிறதா என்று பாருங்கள். குழி வாசலுக்கு நேர்கீழே இருக்கக் கூடாது, தாய் குதித்து இறங்கும்போது முட்டை உடையும்.

துப்புரவிலும் முட்டிக்குத்தான் வெற்றி. கொதிநீரில் போட்டு, கழுவி, இரண்டு நாள் வெயிலில் வைத்தால் புதிது போலாகிவிடும். பெட்டியின் மூட்டு இடுக்குகளில் செள் பகலில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். ஐப்பசி மழையில் பலகை ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பிளைவூட் என்றால் பட்டை பட்டையாகக் கழன்றுவிடும்.

இவ்வளவும் தெரிந்தே நான் பெட்டிக்கு மாறினேன். என்னிடம் இருந்த முட்டிகளுக்கு ஒரே வாசல். ரோச் அடித்துப் பார்த்தாலும் தாயின் முதுகுதான் தெரியும். ஒருமுறை ஐந்து குஞ்சில் நான்குதான் வெளியே வந்தன. ஐந்தாவது என்றோ செத்து, மற்றவற்றின் காலுக்கடியில் காய்ந்து கிடந்தது. அது இன்னும் மனதை அறுக்கிறது.

ஏன் அப்படி நடக்கிறது என்றால், பட்ஜி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் முட்டையிடும். முதல் முட்டைகளிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொன்றும் சுமார் 18 நாளில் பொரிக்கும். ஐந்து முட்டை என்றால் கடைசிக் குஞ்சு கண் திறவாமல் பிறக்கும்போது மூத்ததற்கு எட்டு நாள், பருமனில் பல மடங்கு. சின்னதன் தீனிப்பை வெறுமையாக இருக்கிறதா, மிதிபடுகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். பின்பக்கக் கதவு வைத்த பெட்டியில் தாய் தீனிக்கு வெளியே வரும் நேரத்தில் அரை நிமிடம் போதும். சோடி இதற்குச் சீக்கிரம் பழகிவிடும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே விதி, பின்னேர வெயில் படக் கூடாது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த பல்கனி என்றால் உட்சுவர்ப் பக்கம் மாட்டுங்கள். தேங்காய்ச் சிரட்டையையும் சிலர் கட்டுகிறார்கள். நாலைந்து குஞ்சு வளர அதில் இடமில்லை.

ஆகவே பல சோடி, பெரிய கூடு என்றால் முட்டி. ஆனால் சோடிகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். உயரமான முட்டிக்குப் பெட்டைகள் அடிபட்டு ஒன்றின் முட்டையை மற்றது உடைக்கும். மாடிவீட்டில் ஒரு சோடிதான் என்றால் சந்தேகமே இல்லாமல் பெட்டி. சுமார் 25 சென்ரிமீற்றர் நீளம், 15 அகலம், 15 உயரம், வாசல் ஐந்துக்குள். குழியில் கொஞ்சம் மரச்சீவல்.

கட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். முதல் முட்டையிலிருந்து கடைசிக் குஞ்சு தானாகத் தினை கொத்தும் வரை பத்து வாரம் வரை ஆகும். இரண்டு தடவை பொரித்தால் எட்டுப் பத்துக் குருவி. அவ்வளவுக்கும் இடமோ, வாங்கிக்கொள்ள ஆளோ இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு தடவையோடு நிறுத்துங்கள். பெட்டைக்கு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும். கணவாய் ஓடு ஒரு மாதம் முன்பே கூட்டில் தொங்க வேண்டும், சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் முட்டை உள்ளே சிக்கித் தாய் செத்துப்போகும்.

இரண்டு தடவைக்கு மேல் வேண்டவே வேண்டாம். முதல் தொகுதி வெளியேறும் முன்பே சில பெட்டைகள் அடுத்த முட்டையை வைத்துவிட்டு, உள்ளே நிற்கும் குஞ்சுகளின் இறகைப் பிடுங்கும். அப்படி நடந்தால் மூத்தவற்றை அடியில் ஒரு தாழ்ந்த பெட்டியில் விடுங்கள், ஆண்குருவி இறங்கி வந்து ஊட்டும். கடைசிக் குஞ்சு வெளியே வந்த அன்றே வாசலை மூடி, பெட்டியைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய முதல் வாரம் பெட்டை அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வரும், பார்க்கப் பாவமாக இருக்கும். அதற்காகத் திரும்ப மாட்டிவிடாதீர்கள். ஆறு மாதமாவது அது ஓய்ந்திருக்கட்டும்.