வாழ்நாள் உரிமம் என்று சொல்லி 60 டாலர் பிடுங்கிய இசைச் செயலி: ஏமாந்துவிடாதீர்கள்

60 டாலர் போய்விட்டது. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்ற கடைசிப் பதில் இன்று காலைதான் வந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே ஆட்களிடம் இன்னொருவர் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நாம் சந்தா கட்டும் ஸ்ட்ரீமிங் சேவைகளையெல்லாம் ஒரே திரையில் சேர்த்து, கணினியிலும் கைபேசியிலும் கேட்க வைப்பதாகச் சொல்லும் வகை. எனக்கு இரண்டு சேவைகளில் கணக்கு இருக்கிறது. பல ஆண்டுகளாகச் சேர்த்த பிளேலிஸ்டுகள் இங்கே பாதி, அங்கே பாதி. எல்லாவற்றையும் ஓரிடத்தில் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இலவசச் சோதனைக் காலத்தில் டெஸ்க்டாப் செயலி நன்றாகவே ஓடியது. ஆனாலும் நான் உடனே வாங்கவில்லை. மேடைக் கச்சேரித் தொகுப்புகளில் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கைதட்டல் நடுவில் அறுபடுமா, மொபைலிலும் முழுப் பாட்டு ஒலிக்குமா என்று எழுதிக் கேட்டேன். சற்று நேரத்திலேயே மின்னஞ்சல் வந்தது. அடுத்த பாட்டின் தொடக்கத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் இடைவெளி விழாது என்று பொறுமையாக விளக்கியிருந்தார்கள். எந்தக் கச்சேரிகளை விரும்பிக் கேட்பீர்கள் என்றுகூட விசாரித்திருந்தார்கள். "ஒருமுறை கட்டினால் போதும், வாழ்நாள் முழுவதும் எல்லா அப்டேட்டும் இலவசம், மொபைலும் இதில் அடக்கம்" என்றும் எழுதியிருந்தது. இசைப் பித்துள்ள ஒருவர் எதிரில் உட்கார்ந்து பேசுவது போலவே இருந்தது. அதை நம்பித்தான் 60 டாலர் கட்டினேன். செயலிக் கடையில் விலை கூடுதல், எங்கள் தளத்திலேயே கட்டிவிடுங்கள் என்று திருப்பிவிட்டதும் அதே மின்னஞ்சல்தான்.

மொபைலில் ஒவ்வொரு பாட்டும் 30 விநாடியில் நின்றது. ஸ்ட்ரீமிங் சேவைகள் வெளியார் செயலிகளுக்கு மாதிரியாகக் கொடுக்கும் முன்னோட்டத் துண்டு அது. சந்தா கட்டிக் கேட்கிறவனுக்கு மாதிரித் துண்டைப் போட்டுக் காட்டுவதற்கா 60 டாலர்?

எழுதிக் கேட்டேன். தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள் என்றார்கள், அழித்தேன். செயலியை நீக்கி மறுபடி நிறுவுங்கள் என்றார்கள், நிறுவினேன். உங்கள் சந்தாவில்தான் கோளாறு என்றார்கள். அதே சந்தாவில், அதே கைபேசியில், சேவையின் சொந்தச் செயலி முழுப் பாட்டையும் ஒலிக்கிறது! அதைப் படம் பிடித்து அனுப்பியதும் பேச்சை மாற்றினார்கள். ஸ்ட்ரீமிங் நிறுவனம் திடீரென்று விதியை மாற்றிவிட்டதாம்.

திடீரென்றா? வெளியார் செயலிகளுக்கு இந்தக் கதவுகள் எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வெளியார் தங்கள் செயலிகளில் பாட்டை ஒலிக்கச் செய்யப் பயன்படுத்திய லிப்ஸ்பாட்டிஃபை என்ற நிரல்தொகுப்பைக் கைவிடுவதாக ஸ்பாட்டிஃபை 2015-இலேயே அறிவித்து, 2022-இல் முழுவதுமாக நிறுத்தியது. அடுத்தவரின் அனுமதியில் ஓடும் ஒரு பொருளுக்கு வாழ்நாள் உறுதி கொடுக்கும்போது அந்த உறுதி நிற்காது என்று விற்றவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்க வேண்டும்.

பிறகு ஓர் அப்டேட் வந்தது, டெஸ்க்டாப் செயலியும் படுத்துவிட்டது. புதிய பதிப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டுமாம், என் உரிமம் பழைய பதிப்புக்கு மட்டும்தானாம். அவர்கள் எழுதிய மின்னஞ்சலையே அவர்களுக்குத் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை, பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று மட்டும் இன்று காலை எழுதினார்கள். என் புகாரின் மேல் "தீர்க்கப்பட்டது" என்று குறித்து மூடிவிட்டார்கள். 60 டாலர் போனதைவிட இதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தைகள். விற்பவரின் தளத்தில் நேரடியாகப் பணம் கட்டாதீர்கள். கூகுள் பிளேயில் வாங்கினால் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கவாவது வழி இருக்கிறது. டெஸ்க்டாப்பில் ஓடியது என்பதற்காக மொபைலிலும் ஓடும் என்று நம்பாதீர்கள், இரண்டிலும் முழுப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஸ்ட்ரீமிங் சேவையின் பாஸ்வேர்டைச் செயலி தன் சொந்தப் பெட்டியில் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், சேவையின் பக்கத்துக்கே அழைத்துப்போய் அனுமதி கேட்பதுதான் முறை. செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினால் மட்டும் அந்த அனுமதி போய்விடாது, சேவையின் கணக்குப் பக்கத்தில் போய் ரத்து செய்யுங்கள்.

கார்டு கொடுத்த வங்கியில் புகார் பதிந்து, அந்த மின்னஞ்சலையும் இணைத்திருக்கிறேன். 60 டாலரையும் கேட்டிருக்கிறேன்.