ஹட்சன் கரை மாளிகைகள்: லிண்ட்ஹர்ஸ்ட்டா, கிளெர்மாண்ட்டா?

நியூயார்க் செல்பவர்களுக்கு ஹட்சன் ஆற்றங்கரையில் ஒரே ஒரு பண்ணை மாளிகையைப் பார்க்கத்தான் நேரம் இருக்குமென்றால், இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

உரிமையாளர்கள்
லிண்ட்ஹர்ஸ்ட்: 1838இல் நியூயார்க் நகரின் முன்னாள் மேயர் வில்லியம் பால்டிங்குக்காகக் கட்டப்பட்டு, 1860களில் வணிகர் ஜார்ஜ் மெரிட்டால் விரிவாக்கப்பட்டு, 1880இல் இரயில்வே அதிபர் ஜே கூல்டின் கைக்கு வந்தது, அவர் மகள் அன்னா 1961இல் மறைந்தபோது தேசிய மரபுரிமை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார்.
கிளெர்மாண்ட்: ஏழு தலைமுறைகளாக லிவிங்ஸ்டன் குடும்பம் மட்டுமே, 1962இல் மாநில அரசு.

கட்டடம்
லிண்ட்ஹர்ஸ்ட்: கூர்மாடங்கள் கொண்ட கோதிக் (இடைக்கால ஐரோப்பியத் தேவாலயப்) பாணி. கூடத்துச் சுவரை நெருங்கிப் பார்த்தால், கல் என்று நாம் நம்பியது வண்ணம் தீட்டிய சுண்ணச்சாந்து என்று தெரியவரும். அந்தக் கைவேலை என்னை மிகவும் கவர்ந்தது.
கிளெர்மாண்ட்: 1777இல் ஆங்கிலேயப் படை எரித்த வீட்டை மார்கரெட் பீக்மன் லிவிங்ஸ்டன் மீண்டும் எழுப்பினார். அவர் மகன் ராபர்ட், 1789இல் அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர். பொறியாளர் ராபர்ட் ஃபுல்டனின் நீராவிப் படகுக்குப் பணம் போட்டவரும் அவரே. 1807இல் அப்படகு தன் முதல் பயணத்தில் இந்தக் கரையில்தான் நின்றது.

பயண வசதி
லிண்ட்ஹர்ஸ்ட்: மன்ஹாட்டனிலிருந்து சுமார் 40 கி.மீ.; மாளிகை இருக்கும் டாரிடவுன் ஊருக்கு இரயில் உண்டு.
கிளெர்மாண்ட்: சுமார் 160 கி.மீ.; கார் தேவை.

அரை நாளே கையில் இருப்பவர்களுக்கும் கட்டடக்கலை ஆர்வலர்களுக்கும் லிண்ட்ஹர்ஸ்ட் பொருந்தும். ஒரு குடும்பத்தின் வழியே அமெரிக்க வரலாற்றை அறிய விரும்புவோர், தொலைவைப் பொருட்படுத்தாமல் கிளெர்மாண்ட்டுக்கே செல்ல வேண்டும்.