நெஞ்சில் கொக்கி மாட்டும் ஹார்னஸ்: சங்குவோடு இரண்டு கோடைக்குப் பிறகு

விருதுநகரில் இருக்கும் சித்தி மகன் ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டி எடுத்திருக்கிறான். "யக்கா, சங்குவுக்கு நீ போடுற பெல்ட் இப்ப பாதி விலைக்கு வருது, வாங்கிப் போட்டு வச்சிரட்டுமா?" என்று போனில் கேட்டான். சங்கு என் நாய். பெல்ட் என்று அவன் சொன்னது, கழுத்தில் இல்லாமல் நெஞ்சையும் உடம்பையும் சுற்றி மாட்டும் ஹார்னஸை. ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஹார்னஸ்மேல் எனக்கு இருக்கும் நன்றியும் கோபமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதனால் எழுதியே விடுகிறேன்.

நைலான் நாடா, முதுகில் ஒரு வளையம், நெஞ்சில் ஒரு வளையம், நான்கு இடத்தில் இறுக்கித் தளர்த்தலாம் என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கிறது. நான் வாங்கியபோது 1,600 ரூபாய். துணி சாயம் போகவில்லை, பக்கிள் உடையவில்லை, தையல் ஒரு இடத்திலும் பிரியவில்லை. அந்த வகையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சங்குவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். ராஜபாளையம், ஆண், தோளுயரம் 70 செ.மீ., எடை 28 கிலோ. பிறவியிலேயே காது கேட்காது. ராஜபாளையம் நாய்களில் இந்தக் குறை அடிக்கடி வரும். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருவது அது. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் போனால், ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே செத்துவிடும். குட்டி பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருக்கும். பாத்திரம் விழுந்தாலும் தூக்கம் கலையாமல் கிடக்கும்போதுதான் நமக்கே தெரியவரும்.

அப்புறம், இது கண்ணால் வேட்டையாடும் நாய். மோப்பம் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போகிற நாய் இழுக்கிற இழுப்பும் இதுவும் ஒன்றல்ல. தூரத்தில் ஏதாவது அசைந்தால் போதும், நின்ற இடத்திலிருந்து ஒரே பாய்ச்சல். நாங்கள் இருப்பது மதுரை திருநகர். காலையில் தென்கால் கண்மாய்ப் பக்கம் நடப்போம். அங்கே ஆடு, கொக்கு, மயில் எல்லாம் உண்டு. இந்த மூன்றும் இருக்கிற கரையில், காது கேட்காத வேட்டை நாயைக் கையில் பிடித்து நடப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, பிஸ்கட் கொடுங்க" என்று எல்லாரும் சொல்லும் யோசனை எங்களுக்கு உதவாது. கயிறு ஒன்றுதான் எங்களுக்குள் இருக்கும் பேச்சு.

முதலில் கழுத்துப் பட்டையும் செயினும்தான். இழுக்க இழுக்க இருமல் வந்தது. என் வலது தோளில் வலி இறங்கி, துணி காயப்போடக் கை தூக்க முடியாத அளவுக்குப் போனது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் முள் செயின் போடச் சொன்னார். அது கழுத்தைக் குத்தி அடக்குகிற சாமான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கழுத்தில் விழும் இழுப்பு கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கூட்டுகிறது என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்விலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். ஹார்னஸ் போட்டு இழுத்தபோது அப்படிக் கூடவில்லை. காதில்லாத பிள்ளைக்குக் கண்தான் எல்லாம். அந்தக் கண்ணோடு நான் விளையாடத் தயாராக இல்லை.

முதுகில் மட்டும் கொக்கி உள்ள ஹார்னஸும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. நுகத்தடியில் பூட்டிய வண்டிமாடு மாதிரி நெஞ்சு முழுவதையும் கொடுத்து அவன் இழுத்தான். தானாக நீண்டு சுருங்குகிற கயிறு அதைவிட மோசம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். இழுத்தால் கயிறு நீளும் என்பதைத்தான் நாய் அதில் கற்றுக்கொள்ளும். அந்த மெல்லிய கயிறு உள்ளங்கையில் ஓடினால் தோல் உரிந்துவிடும். வலுவான நாய் வைத்திருப்பவர்கள் அதை வாங்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த நெஞ்சுக்கொக்கி. இதன் வேலை எளிமையானது. நாய் முன்னால் பாயும்போது கயிறு நெஞ்செலும்பின் நடுவிலிருந்து பக்கவாட்டில் இழுபடும், உடம்பு நம் பக்கம் திரும்பிவிடும். முழு எடையையும் நேராகக் கொடுக்க அதனால் முடியாது. வலி இல்லை, மூச்சு அடைப்பு இல்லை, பலம் மட்டும் செல்லுபடியாகாமல் போகிறது. முதல் வாரத்திலேயே என் தோளுக்கு வித்தியாசம் தெரிந்தது.

விளம்பரத்தில் சொல்லாத ஒன்று அதற்கு அப்புறம் நடந்தது. நெஞ்சு வளையத்தில் லேசாக ஒரு விரல் அசைவு போதும், அந்தத் தொடுகை அவனுக்கு எட்டியது. கழுத்துப் பட்டையில் அப்படி இல்லை. அங்கே எப்போதும் இறுக்கம் இருந்ததால் சின்ன அசைவுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. இங்கே கயிறு தளர்ந்து தொங்குகிறது, அதில் ஒரு சிறு தட்டு வந்தால் அவன் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறான். பார்த்த உடனே அவித்த கோழி ஒரு துண்டு. தட்டினால் பார்ப்பான், பார்த்தால் தின்பான். சில மாதங்களில் நான் தட்டாமலேயே பார்க்க ஆரம்பித்தான். பத்து அடி நடப்பான், திரும்பி ஒரு பார்வை. ஆடு தெரிந்தால் உடம்பு விறைக்கும், காதுமடல் நிமிரும், ஆனாலும் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. நான் கை விரித்தால் வருவான், உள்ளங்கையைக் காட்டினால் நிற்பான். காது கேட்காத நாயை வளர்க்கிறவர்களுக்கு அந்தத் திரும்பிப் பார்வை எவ்வளவு பெரியது என்று தெரியும். அதற்காக மட்டும் இந்த ஹார்னஸுக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டவள்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

இந்த ஹார்னஸ் எங்கள் நாயின் உடம்புக்காக வெட்டப்பட்டதே இல்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் ஒரே வார்ப்பு. நெஞ்சுக்கூடு ஆழம், வயிறு உள்ளே ஒட்டியிருக்கும், கழுத்து நீளம், தலை கழுத்தைவிட அகலமே இல்லை. நெஞ்சுச் சுற்றளவை அளந்து அட்டவணையில் பார்த்தால் எல் அளவு. கழுத்தை அளந்தால் எம். எல் போட்டால் முன்பட்டை கீழே தொங்கி முன்னங்கால் நடையைத் தடுக்கிறது. எம் போட்டால் அக்குளில் உரசுகிறது. சங்குவுக்கு முடி குட்டை, தோல் ரோஜா நிறம், ஒரு வாரத்தில் அக்குள் சிவந்து முடி உதிர்ந்தது. எல் அளவையே வைத்துக்கொண்டு எல்லா நாடாவையும் கடைசிவரை இறுக்கினேன். அதுவும் நிற்பதில்லை. நாடா வழுவழுப்பு, இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தில் பிடிமானம் இல்லை. கண்மாய்க் கரையில் ஓரிடத்தில் பொருத்தினால் ரயில்வே கேட் வருவதற்குள் இரண்டு விரல் தளர்ந்திருக்கும். துவைத்த அடுத்த நாள் இன்னும் மோசம். தினமும் குனிந்து குனிந்து இறுக்குவதே நடையின் பாதி என்றாகிவிட்டது.

இது வெறும் எரிச்சலோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். போன ஆடியில் ஒருநாள் தெருநாய்கள் மூன்று எதிரே வந்தன. சங்கு சண்டைக்குப் போகிறவன் இல்லை, பின்னால் ஒதுங்கினான். கயிறு நெஞ்சிலிருந்து முன்பக்கம் நீண்டிருந்தது. அவன் தலையைத் தாழ்த்திப் பின்னுக்கு இரண்டு எட்டு வைத்தான். ஹார்னஸ் தோளைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, தலை வழியாக முழுசாகக் கழன்று என் கையில் வந்துவிட்டது. பக்கிள் எல்லாம் பூட்டியபடியே இருந்தது. அவன் ரோட்டைத் தாண்டி ஓடினான். பஸ் வருகிற ரோடு. ஹாரன் அடித்தாலும் அவனுக்குத் தெரியாது, நான் கத்தினாலும் தெரியாது.

ஒரு ஆட்டோக்காரத் தம்பி வண்டியைக் குறுக்கே போட்டு மற்ற வண்டிகளை நிறுத்தினான். "யக்கா, ஓடாதீங்க, நின்ன இடத்துலயே நில்லுங்க. அது உங்களத்தான் பாக்குது" என்றான். உண்மைதான். அக்கரையில் நின்று திரும்பி என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் சங்கு. இரண்டு கையையும் விரித்தேன். வந்துவிட்டான்.

அவனைக் கழற்றிவிட்டதும் இந்த ஹார்னஸ்தான், திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் இந்த ஹார்னஸ்தான். இதற்கு நான் எப்படி மதிப்பெண் போடுவது?

தயாரித்தவர்களுக்குப் போட்டோவோடு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. உங்கள் நாயின் உடலமைப்பு வழக்கமானது அல்ல என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் படித்துவிட்டு அன்று முழுவதும் எனக்கு மனம் ஆறவில்லை. அந்த அட்டவணையில் லாப்ரடார், பீகிள், பக், ஜெர்மன் ஷெப்பர்ட் எல்லாம் இருக்கிறது. எதுவும் இந்த மண்ணில் பிறந்த வகை இல்லை. ராஜபாளையம் என்ற ஊர் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். 2005-இல் அஞ்சல் துறை நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களை வளருங்கள் என்று பேசியபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாவற்றையும் பெயர் சொன்னார். தபால்தலை இருக்கிறது, பேச்சு இருக்கிறது, ஒழுங்காகப் பொருந்துகிற ஒரு பெல்ட் இல்லை. இந்த நாட்டில் விற்கிற சாமானுக்கு இந்த நாட்டு நாய் "வழக்கமானது அல்ல" என்றால், யாருக்காகச் செய்கிறார்கள்?

தீர்வு வந்தது ஒரு பேக், ஜிப் ரிப்பேர் கடையிலிருந்து. சங்குவையே கூட்டிக்கொண்டு போய் பாயிடம் காட்டினேன். அவர் டேப்பை எடுத்து நெஞ்சை ஒரு தடவை, இடுப்பை ஒரு தடவை அளந்தார். "ஏம்மா, நெஞ்சவிட இடுப்பு இவ்வளவு சிறுசா இருக்கே. இங்க ஒரு பட்டை போட்டா எப்படிக் கழலும்?" என்றார். அவ்வளவுதான் விஷயம். முதுகு நாடாவைப் பின்னால் நீட்டி, கடைசி விலா எலும்பைத் தாண்டி இடுப்பைச் சுற்றி மூன்றாவதாக ஒரு பட்டை. குறுகலான இடுப்பிலிருந்து அகலமான நெஞ்சுக்கூட்டின்மேல் அது ஏறவே ஏறாது. வெளிநாட்டில் வேட்டை நாய்களுக்கென்று விற்கும் ஹார்னஸ்களில் இந்த மூன்றாம் பட்டை இருக்கிறது. வழுக்குகிற நாடாவுக்குப் பதில் ஸ்கூல் பேக் தோள்பட்டைக்குப் போடும் சொரசொரப்பான நாடா, பிளாஸ்டிக் வளையத்துக்குப் பதில் இரும்பு வளையம், அக்குள் பக்கம் உள்ளே ஜீன்ஸ் துணி. எல்லாம் சேர்த்து 220 ரூபாய் வாங்கினார். அன்றிலிருந்து நடுவழியில் ஒருநாளும் குனிந்து இறுக்கவில்லை.

ஆக, தம்பிக்கு என் பதில்: வாங்காதே. பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம். நெஞ்சுக்கொக்கி என்ற ஏற்பாடு அருமையானது, ஆனால் இந்தத் தயாரிப்பு உன் குட்டியைக் கழற்றிவிடும். மூன்று பட்டை உள்ளது கிடைத்தால் வாங்கு, இல்லையென்றால் தைக்கத் தெரிந்தவரைத் தேடு. நான் இதைத்தான் நாளைக்கும் சங்குவுக்குப் போடப் போகிறேன் என்பது வேறு விஷயம். நான் போடுவது பாய் தைத்தது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒன்றிரண்டு. மூன்றாம் பட்டை போடும்போது இரண்டு விரல் நுழைகிற இடம் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஆண் நாய் என்றால் சிறுநீர் போகும் இடத்தில் படாதபடி கொஞ்சம் முன்னால் வரட்டும். கழுத்தில் தனியாக ஒரு பட்டை, இழுக்கும்போது மட்டும் ஓரளவுக்குச் சுருங்கி நிற்கிற வகை, இருக்கட்டும். தலை சிறுத்த வேட்டை நாய்களுக்கு அதுதான் சரி. இரண்டு முனையிலும் கொக்கி உள்ள கயிறு எடுத்து, ஒன்றை நெஞ்சு வளையத்திலும் மற்றதைக் கழுத்திலும் மாட்டுங்கள். கழுத்துப் பக்கம் எப்போதும் தளர்வாக இருக்க வேண்டும், அது ஆபத்துக்கு மட்டும். மூக்கின்மேல் மாட்டும் பட்டையை இந்த வகை நாய்களுக்கு நான் சொல்லமாட்டேன். நின்ற இடத்திலிருந்து பாய்கிற நாய் கயிற்றின் முனையை எட்டும்போது முழு வேகமும் கழுத்தைத் திருகும்.

மயில் விஷயத்தில் மட்டும் எந்தப் பட்டையும் இதுவரை ஜெயிக்கவில்லை. மயில் பறந்து எழுந்தால் இன்றைக்கும் சங்கு பாய்கிறான், நான் இரண்டு கையாலும் பிடித்து நிற்கிறேன். கண்மாயின் அந்தப் பக்கக் கரைக்கு இப்போது நாங்கள் போவதில்லை.