துடைத்தாலும் திரும்பி வரும் ஆட்வேர்: வடசென்னை சிஸ்டங்களில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் உள்ளது, உடனே ஸ்கேன் செய்யவும்" என்று ஒரு பெட்டி எழும். மூடினால் சற்று நேரத்தில் இன்னொன்று எழும். பிரவுசரைத் திறந்தால் கேட்காத தேடல் பக்கம் வந்து நிற்கும். வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை பக்கம் ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், டிடிபி கடை, வீட்டு லேப்டாப் என எதைத் திறந்தாலும் அடிக்கடி கண்ணில் படும் தொல்லை இது. இப்படிக் கேட்காத விளம்பரங்களைக் காட்டும் சாஃப்ட்வேரை ஆட்வேர் என்பார்கள். இதற்குப் பக்கத்துக் கடையில் முதலில் வரும் பதில், "ஃபார்மட் அடிச்சிடலாம்". பெரும்பாலான நேரம் அந்த அளவுக்குப் போகத் தேவையே இல்லை. கிளீனர் ஒன்றை ஓட்டிவிட்டு முடிந்தது என்று எழுந்து போவதும் தவறு. விளம்பரம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் துடைத்தால் மறுநாள் திரும்பி வரும்.

அந்த மூலைப் பெட்டியிலிருந்தே தொடங்கலாம். பெட்டியை உற்றுப் பார்த்தால் அதில் சின்ன எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், ஏதோ ஒரு இணையதள முகவரியும் இருக்கும். இருந்தால் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள் எதுவும் புகவில்லை. எங்கோ ஒரு படம் இறக்கும் தளத்திலோ, விடைத்தாள் தேடிய தளத்திலோ "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ அழுத்தவும்" என்று கேட்டிருக்கும், அழுத்தியிருப்பார்கள். அதுதான் நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கொடுத்த அனுமதி. இதை எந்த ஆன்டிவைரஸைக் கொண்டு ஸ்கேன் செய்தாலும் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் பிடிக்க ஃபைலே இல்லை.

குரோமில் செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கீழே இருக்கும். தெரியாத ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி பிளாக் கொடுங்கள். ரிமூவ் கொடுத்தால் அந்தத் தளம் அடுத்த முறை மறுபடியும் கேட்கும். பிளாக் கொடுத்தால் கேட்க முடியாது. பிறகு அதே பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கூடாது என்ற தேர்வை வைத்துவிடுங்கள். பலர் வந்து உட்காரும் பிரவுசிங் சென்டர் சிஸ்டங்களில் இந்த ஒரு மாற்றம் மட்டுமே பாதித் தலைவலியைக் குறைக்கும். சிஸ்டத்தில் எட்ஜும் ஃபயர்பாக்ஸும் இருந்தால் அவற்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றில் மாற்றியது இன்னொன்றுக்குப் போகாது.

பெட்டியில் தள முகவரி இல்லை, அல்லது பிரவுசரே திறக்காதபோதும் விளம்பரம் வருகிறது என்றால் விஷயம் வேறு. அப்போதுதான் கருவிகள் தேவை.

ஆட்வ்கிளீனர் இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது. 2011-இல் தனி ஒருவரின் படைப்பாக வந்து, 2016-இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்றும் இலவசம். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, பென் டிரைவிலிருந்தே ஓடும். பழைய டூயல் கோர் சிஸ்டத்திலும் சில நிமிடங்களில் ஸ்கேன் முடிந்துவிடும். நீண்ட நாள் பயன்பாட்டில் இதன் மேல் நம்பிக்கை குறையவில்லை, ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நீக்கச் சொன்னதும் திறந்திருக்கும் புரோகிராம்களை மூடிவிடும். டேலி கணக்கு சாஃப்ட்வேரில் என்ட்ரி போட்டுக்கொண்டிருந்தால் முதலில் சேமித்து வெளியே வாருங்கள். இரண்டாவது, லேப்டாப் கம்பெனியே போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேர்களைத் தனியாகப் பட்டியலிடும்; அவை ஆட்வேர் என்று பொருள் இல்லை, பேட்டரி, ஹாட்கீ சம்பந்தப்பட்டவை அதில் இருக்கலாம், படிக்காமல் எல்லாவற்றையும் டிக் செய்ய வேண்டாம். மூன்றாவது, செட்டிங்ஸ் பக்கத்தில் பிராக்ஸி (நெட் போகும் இடைவழி), ஹோஸ்ட்ஸ் ஃபைல் (தளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் பட்டியல்), குரோம் பாலிசி (குரோமுக்கு மேலிருந்து விதிக்கும் கட்டளைகள்) ஆகியவற்றை ரீசெட் செய்யும் தேர்வுகள் உண்டு. பலர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. திரும்பி வரும் ஆட்வேருக்கு அங்கேதான் பாதி மருந்து இருக்கிறது.

மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு ஆழமாகத் தேடும். புதிதாகப் போட்டால் 14 நாள் முழுப் பாதுகாப்பு டிரையலாக ஓடும். அதன் பிறகு நாமாக ஸ்கேன் கொடுத்தால்தான் வேலை செய்யும், பின்னணியில் காவல் இருக்காது. இது தெரியாமல் "மால்வேர்பைட்ஸ் இருக்குது, ஒண்ணும் ஆகாது" என்று இருப்பவர்கள் பலர். வேலை முடிந்ததும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை நம்புவதே 4 ஜிபி ராம் உள்ள சிஸ்டங்களுக்கு நல்லது.

டிஃபெண்டரைப் பலரும் மட்டமாக நினைக்கிறார்கள். அது பழைய கணக்கு. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல், அதில் ரெப்யுடேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன் போங்கள். "பொடென்ஷியலி அன்வாண்டட் ஆப் பிளாக்கிங்" என்பது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்வேரைப் பிடிப்பது இந்த சுவிட்ச்தான். இதில் ஆப்களைத் தடுப்பது, டவுன்லோடுகளைத் தடுப்பது என்று இரண்டு டிக் உண்டு. டவுன்லோடு டிக் எட்ஜுக்கு மட்டும்தான், குரோமில் இறக்குவதை அது தடுக்காது.

அங்கேயே இன்னொரு இடம் பார்க்க வேண்டும். வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். எதை ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் பட்டியல் அது. லைசன்ஸ் வாங்காமல், ஆக்டிவேட்டர் என்ற திருட்டுக் கருவி கொண்டு கிராக் செய்த விண்டோஸில் இந்தப் பட்டியலில் ஒரு ஃபோல்டரோ, சில நேரம் முழு சி டிரைவுமோ உட்கார்ந்திருக்கும். அப்படி இருந்தால் டிஃபெண்டர் பச்சை டிக் காட்டிக்கொண்டே சும்மா இருக்கும். நீங்களே சேர்க்காத எதையும் நீக்குங்கள். பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே தேடும், சுமார் 15 நிமிடம் ஆகும். யுபிஎஸ் இல்லாத வீட்டில் கரண்ட் போகும் நேரமாகப் பார்த்து இதைத் தொடங்க வேண்டாம்.

இதற்கெல்லாம் பிறகும் வருகிறது என்றால் ஒளியும் இடங்களைக் கையால் பார்க்க வேண்டும். இங்கேதான் பொறுமை வேண்டும்.

டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். டார்கெட் என்ற வரி குரோம் டாட் இஎக்ஸ்இ என்று, அதன் பின் ஒரு மேற்கோள் குறியோடு முடிய வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு தள முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், ஹோம் பேஜை எத்தனை முறை மாற்றினாலும் அந்தத் தளமே திறக்கும். முகவரியை மட்டும் அழியுங்கள். டாஸ்க்பாரில் உள்ள ஐகான் தனி ஷார்ட்கட், அதையும் பாருங்கள். புரொஃபைல் டைரக்டரி என்று ஏதாவது இருந்தால் அது குரோமின் சொந்த வேலை, தொட வேண்டாம்.

அடுத்தது, குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர். ஸ்டார்ட்டில் தட்டச்சு செய்து திறந்து, இடப்பக்கம் லைப்ரரி என்ற மேல்தட்டை மட்டும் முதலில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் கை வைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஆக்‌ஷன்ஸ் டேபில் எது ஓடுகிறது என்று இருக்கும். கூகுள் அப்டேட், எட்ஜ் அப்டேட், ஒன்டிரைவ் சகஜம். ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் அர்த்தமில்லாத எழுத்துக் கோவையில் ஒரு ஃபைல், அல்லது விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட், எம்எஸ்ஹெச்டிஏ ஆகியவற்றை ஒரு தள முகவரியோடு அழைக்கும் டாஸ்க் இருந்தால் அதுதான் ஆள். கிளீனர் ஃபைலை நீக்கிய பிறகும் இந்த டாஸ்க் தங்கிவிட்டால், லாகின் ஆகும்போதெல்லாம் திரும்ப இறக்கிக்கொள்ளும். முதலில் டிசேபிள் செய்து ஒரு நாள் பார்த்து, பிறகு டிலீட் செய்வது பாதுகாப்பு. இதையே ஒரே இடத்தில் பார்க்க மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ் உதவும். ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ் தேர்வை ஆன் செய்தால் பட்டியல் சுருங்கும். புதியவர்களுக்கு இது கூர்மையான கருவி, புரியாத வரியை டிக் நீக்காமல் விடுவதே நல்லது.

பிரவுசரில் சேர்க்கும் சிறு கருவியான எக்ஸ்டென்ஷனை ரிமூவ் செய்ய முடியவில்லை, குரோம் மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று வருகிறதா? தம்பு செட்டித் தெருவில் உள்ள கிளியரிங் ஏஜென்சி ஆபீஸ் போல, ஐடி ஆள் வைத்து நிர்வகிக்கும் இடத்தில் அது சரியாகவே இருக்கலாம், கேட்டுவிட்டுத் தொடுங்கள். சில ஆன்டிவைரஸும் இப்படி எழுதும். வீட்டு லேப்டாப்பில் காரணமே இல்லாமல் வந்தால், விண்டோஸ் தன் செட்டிங்ஸை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஆட்வேர் பாலிசி எழுதியிருக்கலாம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று இறங்குங்கள். முதலில் அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு பிறகு நீக்குங்கள். கரண்ட் யூசர் பக்கத்திலும் இதே வழியில் பாருங்கள். நீக்கியும் திரும்பினால் விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32-க்குள் மறைந்திருக்கும் குரூப் பாலிசி ஃபோல்டரில் நகல் இருக்கலாம்.

ஒரே கணக்கு ஓடும் எல்லா சிஸ்டங்களையும் ஒரே மாதிரி வைக்கும் கூகுள் சிங்க் இன்னொரு வழி. கடை சிஸ்டத்தில் துடைத்த எக்ஸ்டென்ஷன், அதே ஜிமெயில் ஓடும் வீட்டு சிஸ்டத்தில் உயிரோடு இருந்தால் இங்கேயும் இறங்கும். எல்லா இடத்திலும் சிங்க்கை நிறுத்தி, எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகுதான் மறுபடி ஆன் செய்ய வேண்டும்.

போனில் வைஃபை போட்டாலும் அதே விளம்பரம், மொபைல் டேட்டாவில் இல்லை என்றால் சிஸ்டத்தை விட்டுவிட்டு ரவுட்டரைப் பாருங்கள். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மாற்றப்பட்டிருக்கலாம். ரவுட்டர் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டே இன்னும் ஓடுகிறது என்றால் மாற்றுங்கள். கனெக்‌ஷன் விவரங்களைக் கேபிள்காரரிடம் வாங்கி வைத்துக்கொள்ளாமல் ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டாம், நெட் நின்றுவிடும்.

வரும் வழியை அடைக்காமல் இதெல்லாம் தற்காலிகம்தான். இந்தப் பகுதியில் முதன்மையான வழி தமிழ் ஃபான்ட். கல்யாணப் பத்திரிகை, போஸ்டர், மனு டைப் செய்யும் கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்றும் தேவை. தேடினால் பக்கம் முழுவதும் பச்சை டவுன்லோடு பட்டன்கள், அதில் பாதி விளம்பரம். எழுத்துரு ஃபைல் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும். இஎக்ஸ்இ என்று முடிந்தால் திறக்காதீர்கள். முடிவெழுத்து தெரிய, ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை ஆன் செய்ய வேண்டும். யூனிகோடில் தட்டச்சு செய்வதற்கு மட்டும் என்றால் தனியாக எதையும் இறக்கவே வேண்டாம்: 2019 மே அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-இல் தமிழ் போனெடிக் கீபோர்டு உள்ளேயே இருக்கிறது, லாங்குவேஜ் செட்டிங்ஸில் சேர்த்தால் போதும். பிரிண்டர் டிரைவர் இரண்டாவது வழி. தேடல் முடிவின் உச்சியில் ஸ்பான்சர்டு என்று இருப்பதை விட்டுவிட்டு பிரிண்டர் கம்பெனியின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் வரும் எதுவும் தேவையில்லை.

விளம்பரத் தடுப்புக்கு ரேமண்ட் ஹில் எழுதும் யூபிளாக் ஆரிஜின்தான் எங்கள் தேர்வு. ஃபயர்பாக்ஸில் முழு அளவில் ஓடும். குரோம் எக்ஸ்டென்ஷன் விதிமுறைகள் மாறியபின் அங்கே யூபிளாக் ஆரிஜின் லைட் மட்டுமே. பலம் குறைவு, ஆனாலும் போலி டவுன்லோடு பட்டன்களில் நிறைய மறைந்துவிடும். பெயரில் சற்றே மாறுபட்ட வேறு எக்ஸ்டென்ஷன்கள் உண்டு, எழுதியவர் பெயரைப் பார்த்துப் போடுங்கள். ரசீது புதிய விண்டோவில் திறக்கும் தளம் அடம்பிடித்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் யூபிளாக்கை அணைத்தால் போதும். ஆட்கார்டு டிஎன்எஸ், அதாவது 94.140.14.14 மற்றும் 94.140.15.15, போட்டால் எல்லா பிரவுசருக்கும் சேர்த்து வேலை செய்யும், ஆனால் யூடியூப் விளம்பரம் போன்றவற்றைத் தடுக்காது.

திரை முழுவதும் சிவப்பாகி, சைரன் சத்தத்தோடு "இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று வந்தால் எஸ்கேப் கீயைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். விடவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் சேர்த்து அழுத்தி, திறக்கும் டாஸ்க் மேனேஜரில் பிரவுசருக்கு எண்ட் டாஸ்க் கொடுங்கள். திரும்பத் திறக்கும்போது ரீஸ்டோர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தூரத்திலிருந்தே உங்கள் சிஸ்டத்தை இயக்க விடும் எனிடெஸ்க் எண்ணை யாரிடமும் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

ஃபார்மட் எப்போது? கிராக் செய்த விண்டோஸில் எக்ஸ்க்ளூஷன் பட்டியல் நீக்கிய பிறகும் தானாகத் திரும்பினால், அல்லது டிஃபெண்டரை ஆன் செய்யவே முடியவில்லை என்றால். அந்த நிலையில் பாஸ்வேர்டும் திருடு போயிருக்கலாம், எனவே வேறொரு சுத்தமான போனிலிருந்து ஜிமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றி, மற்ற எல்லா டிவைஸ்களையும் சைன் அவுட் செய்யுங்கள். பேக்அப்பில் டேலி டேட்டா ஃபோல்டர், ஃபான்ட்கள், புக்மார்க், ஆவணங்கள் மட்டும் எடுங்கள்; டவுன்லோட்ஸில் கிடக்கும் செட்டப் ஃபைல்களைக் கொண்டுபோகாதீர்கள்.

மறுபடி கிராக் போட வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. கடையில் விண்டோஸ் 10 அல்லது 11-உடன் வாங்கிய லேப்டாப்பில் லைசன்ஸ் கீ பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். முன்பு யாரோ அதன் மேல் புரோ பதிப்பைக் கிராக் செய்து போட்டிருப்பார்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் உள்ள மீடியா கிரியேஷன் டூல், 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, லேப்டாப்போடு வந்த அதே பதிப்பு, பெரும்பாலும் ஹோம். இன்ஸ்டால் ஆகி நெட்டில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், சிஸ்டம் தாங்கினால் நேராக 11 போடுங்கள். பிறகு அன்றாட வேலைக்கு ஒரு ஸ்டாண்டர்டு யூசர் கணக்கை உருவாக்கி, அட்மின் பாஸ்வேர்டைக் கடை முதலாளியோ வீட்டில் ஒருவரோ மட்டும் வைத்துக்கொள்ளட்டும். சிஸ்டம் முழுவதற்குமாக எது இன்ஸ்டால் ஆக முயன்றாலும் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும்.