மினியேச்சரில் பழைய பெயின்ட்: டெட்டோலா, ஐசோபுரோப்பைலா, அசிட்டோனா?

வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து தரும், வார்ஹாமர் என்ற மேசை விளையாட்டுக்கான சிறு உருவங்களில் பாதி, யாரோ ஒரு பொடியன் பெயின்ட் அடித்துப் பழகியவையாகத்தான் இருக்கும். முகமும் கவசத்தின் வேலைப்பாடும் தடித்த பெயின்டுக்குள் புதைந்துபோயிருக்கும். அதன்மேலேயே திரும்ப அடித்தால் இன்னும் மொழுக்கென்று ஆகும், உரித்துத்தான் ஆகவேண்டும். இதற்கென்று அமெரிக்கர்கள் சிபாரிசு செய்யும் திரவங்களைத் திருகோணமலையில் தேடி அலைவதைவிட, பார்மசியிலும் ஹார்ட்வெயார் கடையிலும் கேட்டு வாங்கக்கூடியவற்றில் எது தேறும் என்று பார்ப்பதே புத்தி.

பலரும் முதலில் சொல்வது டெட்டோல். தண்ணீர் கலக்காமல் ஊற்றி ஓரிரவு ஊறவிட்டால் அக்ரிலிக் பெயின்ட் இளகிவிடும், பிளாஸ்டிக்குக்கும் ஒன்றும் ஆகாது. தொல்லை அதற்குப் பிறகுதான். ஊறிய உருவத்தை நேரே குழாயடியில் பிடித்தால், இளகிய பெயின்ட் தாராகி இடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். டெட்டோலில் பைன் எண்ணெயும் ஆமணக்கெண்ணெய்ச் சவர்க்காரமும் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அது வெள்ளையாகக் கலங்குவது அதனால்தான். ஆகவே டெட்டோலுக்குள்ளேயே வைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, புதிய டெட்டோலில் ஒருமுறை அலசிய பிறகே சவர்க்காரத் தண்ணீருக்குப் போகவேண்டும். இத்தனைக்கும் செலவாகும் டெட்டோலைக் கணக்குப் பார்த்தால் மலிவு என்ற பேச்சு எடுபடாது. மணமோ வீட்டைவிட்டு லேசில் போகாது. வீட்டில் பூனை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதிலுள்ள குளோரோசைலினோல் பூனைக்கு நஞ்சு.

என் வாக்கு ஐசோபுரோப்பைல் அல்ககோலுக்கு. 99 வீதம் கிடைத்தால் நல்லது. 70 வீதமும் வேலை செய்யும், கொஞ்சம் மெதுவாக. பெயின்ட் இளகியதும் பிரஷால் தேய்த்தால் துகளாகவும் தோலாகவும் கழன்று வரும், தண்ணீர் பட்டாலும் பிசுபிசுக்காது. கசடு அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்ததை வடித்து மீண்டும் பாவிக்கலாம். சூப்பர் குளூ போட்ட மூட்டுகள் சிலவேளை விட்டுப்போகும். கையையோ வாளையோ மாற்றி ஒட்ட நினைப்பவருக்கு அதுவும் வசதிதான். ரெசின் (அச்சில் வார்க்கும் செயற்கைப் பிசின்) உருவங்களை மட்டும் அதில் நெடுநேரம் போட்டுவைக்கக் கூடாது, சில ரெசின்கள் மெதுமையாகிவிடும்.

ஆனால் இதன் ஆவி 12 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது, நம்மூர் நிழலே 30ஐத் தாண்டும். நுளம்புத்திரி, சாமி விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடியை இறுக்காமல் விட்டால் போத்தலில் பாதி காற்றோடு போய்விடும்.

பார்மசியில் ஐசோபுரோப்பைல் இல்லையென்று சேர்ஜிகல் ஸ்பிரிட்டை நீட்டினால் வாங்கலாம், பழுதில்லை. சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும் என்பதால் கடைசியில் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்காதீர்கள்.

அசிட்டோன் வேகத்தில் எல்லாவற்றையும் தோற்கடிக்கும், ஆனால் உலோக உருவங்களுக்கு மட்டும். பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக் அதில் கரைந்தே போகும், ரெசினும் தப்பாது. உலோக வீரன் நிற்கும் பீடம் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், முதலில் அதைக் கழற்றுங்கள். யோகட் கப்பில் ஊற்றினால் கப்பும் போய் மேசையும் போகலாம்; ஜாம் போத்தல்தான் சரி. நகப்பூச்சு நீக்கி வாங்குகிறீர்கள் என்றால் லேபலைப் பாருங்கள், அசிட்டோனே இல்லாதவையும் விற்பனைக்கு உண்டு. பழைய உலோக உருவங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு, கையுறை போடுங்கள்.

தின்னரும் பிளாஸ்டிக்கைப் பதம்பார்க்கும். பிரேக் ஒயிலைச் சிலர் இன்னும் புகழ்கிறார்கள். தோலுக்கும் கேடு, கழிவை எங்கே ஊற்றுவது என்பதும் தலையிடி. எந்தத் திரவமானாலும் மிச்சத்தைக் கடலுக்குப் போகும் வாய்க்காலில் கொட்டவேண்டாம்.

முன்பு வாகன ஸ்பிரே பிரைமர் அடிக்கப்பட்டிருந்தால் டெட்டோலோ ஐசோபுரோப்பைலோ அதை முழுதாக எடுக்காமல் போகலாம். இடுக்கில் சாம்பல் கறை தங்கினாலும் விளிம்புகள் கூராகத் தெரிந்தால் போதும், அதன்மேலேயே புதிய பிரைமர் அடிக்கலாம். மாரி மாதங்களின் ஈரக்காற்றில் ஸ்பிரே வெளுத்துப்போக வாய்ப்புண்டு. உரிக்கும் வேலையை அப்போது முடித்துவிட்டு, பிரைமரை வெயில் ஏறிய ஒரு காலையில் அடியுங்கள்.