பின்னேரப் பரிகார வகுப்பு: அஞ்சு நட்சத்திரத்துக்கு மூண்டரை

இந்த வகுப்புக்குக் காசு ஒரு சதமும் இல்லை. அதை முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் இதை வாசிக்கிற முக்கால்வாசிப் பேர் அதைத்தான் முதல் கேப்பியள். பள்ளிக்கூடம் ஒண்டரைக்கு விட்ட பிறகு, திங்கள், புதன், வெள்ளி, ரெண்டு மணியில இருந்து மூண்டரை வரைக்கும் கணிதம். படிப்பில பின்தங்கின பிள்ளையளுக்கு அரசாங்கக் காசில நடக்கிற வகுப்பு. எழுத்தில அதுக்கு 'பரிகாரக் கற்பித்தல்' எண்டு பேர். பிள்ளையள் 'பரிகாரம்' எண்டுதான் சொல்லுங்கள், ஏதோ சனிதோசத்துக்கு எள்ளெண்ணெய் எரிக்கப் போற மாதிரி.

நான் யாழ்ப்பாணத்தில ஓட்டோ ஓடுறன். மத்தியானத்தில ஹயர் குறைவு. மகளை ஏத்த ரெண்டு மணிக்கே போய் வேப்பமரத்துக்குக் கீழ நிப்பாட்டிப்போட்டு இருப்பன். அந்த வகுப்பறைக்கு அரைச்சுவர்தான். அதால 2024 யூலையில இருந்து அடுத்த பெப்ரவரி வரைக்கும் நானும் அந்த வகுப்பில இருந்தனான் எண்டே வையுங்கோ.

மகள் அப்ப பதினோராம் ஆண்டு. முதலாம் தவணைக் கணிதத்துக்கு 19. ரியூசனுக்கு விடேல்லை எண்டு நினைக்காதேங்கோ. ஒன்பதாம் ஆண்டில இருந்து ரியூட்டரிக்குப் போனவள், கணிதத்துக்கு மட்டும் மாசம் 1500 ரூபா. கொட்டில் நிறையப் பிள்ளையள், வாத்தியார் மைக்கில படிப்பிப்பார். நல்ல கெட்டிக்காரர், குறை சொல்ல ஏலாது. ஆனா அவர் மடக்கையில நிக்கிறார், இவள் பின்னத்தில நிக்கிறாள். 1945 இல இருந்து இலவசக் கல்வி எண்டு சொல்லுற நாட்டில நான் மாசாமாசம் காசு கட்டி, பிள்ளை கொப்பி நிறையப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தது. கொப்பி நல்ல வடிவு.

பதினோராம் ஆண்டு முடிய எழுதுற ஓ எல் (சாதாரண தரம்) சோதினையில கணிதம் எவ்வளவு முக்கியம் எண்டு தெரியாத ஆக்கள் இருக்க மாட்டியள். ஆறு பாடம் பாஸ், அதுக்குள்ள தமிழும் கணிதமும் கட்டாயம், மூண்டுக்கு சி, அதாவது திறமைச் சித்தி, வேணும். கணிதம் போனால் மற்றதுகளில ஏ எடுத்தும் ஏ எல்லுக்கு (உயர்தரத்துக்கு) போறது கஷ்டம்.

முதல் நாள் அந்த ரீச்சர் புத்தகம் திறக்கேல்லை. ஒரு தாள் குடுத்தவா. எல்லாம் ஆறாம், ஏழாம் ஆண்டுக் கணக்கு. 14 பிள்ளையள். அரையும் மூண்டில ஒண்டும் சேர்த்தால் எவ்வளவு எண்டு ஒரு கேள்வி. ஆறு பேர் அஞ்சில ரெண்டு எண்டு எழுதியிருக்கினம். மேலயும் மேலயும் கூட்டி, கீழயும் கீழயும் கூட்டினது. என்ர பிள்ளையும் அதுக்குள்ளதான்.

ரீச்சர் பேசேல்லை. "பிள்ளையள், உங்களிட்ட அரைப் பாண் இருக்கு. நான் இன்னும் கொஞ்சம் தாறன். இப்ப கூடுமோ குறையுமோ?" எண்டு கேட்டவா. கூடும் எண்டு சொல்லிச்சினம். "அப்ப அஞ்சில ரெண்டு அரையை விடக் கூடவோ குறையவோ?" வகுப்பில சத்தமே இல்லை. பிறகு பிரிஸ்டல் போட் மட்டையில வெட்டின துண்டுகளை எடுத்தவா. ஒரு முழு நீளம், அதுக்கு மேல அரைத் துண்டு, பக்கத்தில மூண்டில ஒண்டு. கொஞ்சம் இடைவெளி மிச்சம் கிடந்துது. ஆறில ஒண்டுத் துண்டை மகளிட்டக் குடுத்து வைக்கச் சொன்னவா. சரியாப் போய் இருந்துது. அப்ப விடை ஆறில அஞ்சு.

உண்மையைச் சொல்லுறன், எனக்கும் அது அண்டைக்குத்தான் விளங்கினது. என்ர படிப்பு 1995 ஒக்டோபர் யுத்த இடப்பெயர்வோட நாவற்குழிப் பாலத்தில நிண்டுபோன படிப்பு. பொதுப் பகுதியெண் எடுக்கிறது எண்டு பாடமாக்கினனான், ஏன் எடுக்கிறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

அப்பிடியே ரெண்டு மாசம் பின்னம், தசமம், சதவீதம், நேர் எண்கள், மறை எண்கள். பெற்றோர் சிலர் "ஓ எல் வருது, இவா இன்னும் ஆறாம் ஆண்டுக் கணக்கில நிக்கிறா" எண்டு முணுமுணுத்தவை. அதுக்குப் பிறகுதான் வினாத்தாள். அதிலயும் ரீச்சரிட்ட ஒரு கணக்கு இருந்தது. பகுதி ஒண்டு 100 புள்ளி, பகுதி ரெண்டு 100 புள்ளி, மொத்தம் 200. எஸ்ஸுக்கு, அதாவது வெறும் பாஸுக்கு, நூறுக்கு 35 வேணுமெண்டால் 200 இல 70. பகுதி ஒண்டில 25 சின்னக் கேள்வி, ஒண்டுக்கு ரெண்டு புள்ளி. அதில இருபது சரிவந்தால் 40 கையில. மிச்ச 30 ஐயும் பகுதி ஒண்டில இருக்கிற அஞ்சு பெரிய கேள்வியிலயும் பகுதி ரெண்டிலயும் பொறுக்கலாம். கரும்பலகையில இதை எழுதின அண்டைக்குத்தான் பிள்ளையளின்ர முகத்தில கொஞ்சம் வெளிச்சம். அதுவரைக்கும் அவையளுக்குக் கணிதம் எண்டால் முழுக் கடலையும் நீந்திக் கடக்கிற அலுவல். கல்குலேற்றர் கொண்டு போக ஏலாது எண்டபடியால் ஒவ்வொரு வகுப்பும் பத்து நிமிசம் பெருக்கல், பிரித்தல் கையாலதான்.

இனிக் குறையள். பள்ளிக்கூடத்தின்ர பேர் போடேல்லை, அங்க இன்னும் பிள்ளையள் படிக்குதுகள்.

ஒக்டோபரில மூண்டு கிழமை வகுப்பு நிண்டது. கொடுப்பனவு வரேல்லையாம். ரீச்சருக்கு மணித்தியாலக் கணக்கில ஒரு சின்னக் காசு, அதுவும் ரெண்டு மாசமா இல்லை. நாலாம் கிழமை அவா காசு வராமலே வந்து படிப்பிச்சவா. பாராட்டலாம்தான், ஆனா ஒரு மனிசியின்ர நல்ல மனசில தொங்குற வகுப்பை அரசாங்க வகுப்பெண்டு எப்பிடிச் சொல்லுறது? அந்த மூண்டு கிழமையில ரெண்டு பெடியள் கழண்டிட்டாங்கள். ஒருத்தன் இப்ப கராஜ் ஒண்டில நிக்கிறான், கண்டால் கை காட்டுவான்.

ரெண்டாவது, கூப்பிட்ட விதம். காலைக்கூட்டத்தில பேர் வாசிச்சவை, 'மெல்லக் கற்கும் மாணவர்' எண்டு சொல்லி. அண்டைக்குப் பின்னேரம் மகள் ஓட்டோவுக்குள்ள ஏறி, "அப்பா, என்னை மொக்கு எண்டு மைக்கில சொல்லிப்போட்டினம்" எண்டாள். முதல் கிழமை முழுக்க அவளை இழுத்துக்கொண்டுதான் போனனான். ஒரு துண்டுக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்ப எவ்வளவு நேரம் செல்லும்?

சாப்பாடும் ஒரு பிரச்சினை. ஒண்டரைக்கும் ரெண்டுக்கும் இடையில ஒண்டும் இல்லை. வீட்டில இருந்து கட்டிக் குடுத்து விடுங்கோ. பசியோட இருக்கிற பிள்ளைக்கு மூண்டு மணிக்குப் பிறகு ஒண்டும் ஏறாது, நான் பார்த்தனான்.

எல்லாத்திலயும் பெரிய குறை, வகுப்பு வாற நேரம். ஆறாம் ஆண்டில விட்ட பின்னத்தை பதினோராம் ஆண்டு நடுவிலயோ பிடிக்கிறது? திருச்சியில இருக்கிற என்ர சின்னம்மாவின்ர மகள் 'இல்லம் தேடிக் கல்வி' எண்டு அங்க நடந்ததைப் பற்றிச் சொன்னவள். கொரோனாவில பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த நட்டத்தை நிரப்ப எண்டு 2021 இல தமிழ்நாட்டு அரசு தொடங்கினது, ஒண்டில இருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும், ஊருக்குள்ளயே பின்னேரத்தில தன்னார்வலர் படிப்பிச்சவை. அதில என்ன ஓட்டை இருக்கோ எனக்குத் தெரியாது, நான் அங்க வேப்பமரத்துக்குக் கீழ இருக்கேல்லை. ஆனா சின்ன வகுப்பில தொடங்கிறது நியாயம்தானே. எங்கட பிள்ளையளும் 2020 மார்ச்சில வீட்டில இருந்தவைதான். மகள் அப்ப ஏழாம் ஆண்டு, சூம் வகுப்புக்கு வீட்டில ஒரே ஒரு போன், அதுவும் என்னோட ஓட்டோவில.

2025 மார்ச்சில சோதினை, யூலையில முடிவு. கணிதத்துக்கு எஸ். தமிழுக்கு பி, மூண்டு சிக்கு மேலயே வந்திட்டுது, இப்ப கலைப்பிரிவில படிக்கிறாள். கடைசிவரைக்கும் இருந்த 12 பேரில எட்டுப் பேருக்குக் கணிதம் பாஸ். வகுப்பாலதானோ எண்டு கேட்டால் முழுக்க அப்பிடிச் சொல்ல மாட்டன். டிசம்பரில இருந்து அவள் விடிய நாலு மணிக்கு எழும்பினவள். எழும்பினால் ஏதும் விளங்கும் எண்ட நம்பிக்கை எங்கயிருந்து வந்ததெண்டு கேட்டால், அந்தப் பிரிஸ்டல் போட் துண்டுகள்தான்.

யாழ்ப்பாண மாவட்டத்தில அஞ்சு கல்வி வலயம் இருக்கு, எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் இப்பிடி நடக்கும் எண்டு நான் பொறுப்பெடுக்க மாட்டன். உங்கட பிள்ளையைக் கூப்பிட்டால் வெக்கப்படாமல் விடுங்கோ. முதல் கிழமை ஒருக்கால் போய் எட்டிப் பாருங்கோ. முதல் நாளே பழைய சோதினைப் பேப்பர் செய்விச்சால் அது இன்னொரு ரியூசன்தான், காசில்லாத ரியூசன். பிள்ளை எங்க விட்டது எண்டு தேடுற ஆள் நிண்டால் ரியூசனைக்கூட நிப்பாட்டலாம். நான் நிப்பாட்டினனான்.

சின்னவன் இப்ப எட்டாம் ஆண்டு, கணிதத்துக்கு 31. போன கிழமை போய் அவனுக்கு எப்ப பரிகாரம் எண்டு கேட்டன். "பதினொண்டு வரட்டும் அண்ணை, இன்னும் காலம் கிடக்குத்தானே" எண்டு சொல்லிச்சினம். கடிதமா எழுதிக் குடுத்துப்போட்டு வந்திருக்கிறன். பதில் வந்தால் இதுக்குக் கீழயே போடுறன்.