தும்மலுக்கு மாத்திரையா, மூக்கு ஸ்ப்ரேயா?

மாசி பிறந்ததும் காட்பாடியிலிருந்து திருவலம் வழியாக இராணிப்பேட்டைக்கு வண்டியில் செல்லும்போது எனக்குத் தும்மல் தொடங்கிவிடும். பொன்னையாற்றுப் படுகையிலும் ஏரிக்கரைகளிலும் மண்டிக் கிடக்கும் வேலிக்காத்தான் அப்போது வெளிர்மஞ்சள் கதிர்களாகப் பூத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு காலி மனைகளில் தழைக்கும் பார்த்தீனியம் இன்னொரு சுற்று தொல்லை தரும். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஹே ஃபீவர்’ என்று பெயர். ஆனால் வைக்கோலும் இதற்குக் காரணமன்று, காய்ச்சலும் இதில் வருவதில்லை. நம் ஊரில் பெரும்பாலோர் இதை ‘சைனஸ்’ என்றோ ‘டஸ்ட் அலர்ஜி’ என்றோ சொல்லி, மருந்துக்கடையில் கிடைப்பதை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக மாத்திரையை விட்டு ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேக்கு மாறியிருக்கிறேன். இரண்டையும் நாள்கணக்கில் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். என் சாய்வு ஸ்ப்ரேயின் பக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முகக்கவசம் அணிவதும், பூக்கும் காலத்தில் காலை வேளையில் சன்னலைச் சாத்தி வைப்பதும், வெளியிலிருந்து வந்தவுடன் முகம் கழுவுவதும் எல்லோரும் அறிந்தவை. எந்த மருந்தை எடுத்துக்கொண்டாலும் அவற்றைச் செய்யத்தான் வேண்டும். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் அரைமணி நேரத்துக்கு மூக்கு இளகும், ஒவ்வாமை அடங்காது.

மாத்திரையின் பெரிய பலம் அதன் விரைவு. செட்டிரிசின், லீவோசெட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின் ஆகியவை விழுங்கிய ஓரிரு மணி நேரத்தில் தும்மலையும் மூக்கொழுகலையும் கண் அரிப்பையும் தணித்துவிடுகின்றன. மகரந்தம் படும்போது மூக்கின் சளிச்சவ்விலுள்ள செல்கள் வெளியிடும் ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலையை இவை தடுப்பதே காரணம். ஆனால் மூக்கடைப்பு பெரும்பாலும் ஹிஸ்டமினால் மட்டும் வருவதன்று. அடுத்த சில மணி நேரங்களில் திரண்டு வரும் அழற்சியால் சவ்வு வீங்கிப் போவதால் வருவது. அதனால்தான் மாத்திரை போட்ட நாளில் தும்மல் நின்றிருந்தும் இரவில் வாயைத் திறந்தபடி தூங்க வேண்டியிருந்தது.

தூக்கக் கலக்கம் மற்றொன்று. பழைய வகை மருந்தான குளோர்ஃபெனிரமினோடு ஒப்பிட்டால் செட்டிரிசின் தரும் மயக்கம் குறைவுதான். ஆயினும் இருசக்கர வண்டியில் நாள்தோறும் லாரிகளுக்கிடையே செல்பவருக்கு அந்தக் குறைந்த மயக்கமும் ஆபத்தே. ஃபெக்சோஃபெனடினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் அதை ஆரஞ்சு, ஆப்பிள் போன்ற பழச்சாறுகளுடன் விழுங்கினால் உடலில் சேரும் அளவு குறைந்துவிடும் என்பதால் வெறும் தண்ணீரோடு எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரைதான் வேண்டும் என்று இருப்பவருக்கு இதையே பரிந்துரைக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம் என்பது என் எண்ணம்.

கடையில் ‘அலர்ஜி மாத்திரை’ என்று கேட்பவர்கள் அட்டையின் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். சிலவற்றில் பெட்டமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஸ்ப்ரேயில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று அஞ்சி ஒதுங்குபவர்களே, உடல் முழுவதும் பரவும் ஸ்டீராய்டைத் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருப்பதை என் உறவினர் வீட்டிலேயே பார்த்து வருந்தியிருக்கிறேன். லீவோசெட்டிரிசினோடு மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையும் இங்கே மிகச் சாதாரணமாகப் புழங்குகிறது. மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் போன்றவை சிலருக்கு வரக்கூடும் என்று மான்டெலுகாஸ்ட் மீது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. மற்ற மருந்துகள் பலிக்காதவர்களுக்கு மட்டுமே மூக்கு ஒவ்வாமைக்கு அதைத் தர வேண்டும் என்றும் சொன்னது.

மூக்கடைப்புக்கு மூன்றாவதாகப் பலர் நாடுவது சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்துகள். ஐந்து நிமிடத்தில் மூக்கு திறந்துவிடும் என்பதால் இவற்றை விட மனம் வராது. சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் சவ்வு முன்னிலும் அதிகமாக வீங்கும். அந்த வீக்கத்துக்காக மறுபடியும் சொட்ட வேண்டியதாகிவிடும். நான் ஒரு கோடையில் ஆறு வாரம் இந்தச் சுழலில் கிடந்து, வெளியே வரவே பதினைந்து நாள் துன்பப்பட்டேன். இவற்றை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

இனி ஸ்ப்ரே. புளூட்டிகசோன், மொமெட்டசோன் ஆகிய இரண்டும்தான் நம் பக்கத்தில் அதிகம் எழுதித் தரப்படுகின்றன. ஹிஸ்டமின் என்ற ஒன்றை மட்டும் தடுக்காமல் அழற்சியையே அடக்குவதால் தும்மல், ஒழுகல், அரிப்பு, அடைப்பு நான்குக்கும் இது வேலை செய்கிறது. ஆனால் இதை முதன்முறை எழுதித் தந்தபோது பத்து நாளில் தூக்கி எறிந்துவிட்டேன். மூக்கில் இரத்தம் கசிந்தது, தொண்டையில் கசந்தது, அடைப்பும் தீரவில்லை. இந்த மருந்து எனக்கு ஆகாது என்று முடிவு கட்டி மீண்டும் மாத்திரைக்குப் போனேன். மூன்று ஆண்டுகள் கழித்து, வேலூரில் வேறொரு மருத்துவரைப் பார்த்தபோது, அவருடைய செவிலியர் என் கையில் புட்டியைக் கொடுத்து, “எப்படி அடிக்கிறீங்கன்னு காட்டுங்க” என்றார். நான் தலையை அண்ணாந்து, முனையை நேராக மேல்நோக்கி வைத்து, பலமாக உறிஞ்சினேன். செய்த மூன்றும் தவறு என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

இந்த இரண்டு மருந்துகளுக்கிடையே முடிவைத் தீர்மானிப்பது கைப்பழக்கம்தான் என்று நான் கருதுகிறேன். மாத்திரையை யாரும் தவறாக விழுங்குவதில்லை. ஸ்ப்ரேயைத் தவறாக அடிப்பவர்களோ மிகுதி. புட்டியைக் குலுக்க வேண்டும். புதிய புட்டியானால் சீரான சாரல் வரும்வரை காற்றில் சிலமுறை அடித்துவிட வேண்டும். மூக்கைச் சிந்திவிட்டு, தலையைச் சற்று முன்பக்கம் கவிழ்த்து, வலக்கையால் இடப்பக்க மூக்கிலும் இடக்கையால் வலப்பக்க மூக்கிலும் அடிக்க வேண்டும். கை மாறுவதால் முனை தானாகவே அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பி, நடுச்சுவரில் மருந்து படாமல் வெளிச்சுவரில் படுகிறது. எனக்கு இரத்தம் கசிந்தது நடுச்சுவரிலேயே நாள்தோறும் அடித்ததால்தான். அழுத்தும்போது மெல்ல மூச்சை இழுத்தால் போதும். தொண்டையில் மருந்தின் சுவை தெரிந்தால் அளவுக்கு மீறி உறிஞ்சிவிட்டோம், மருந்து தங்க வேண்டிய இடத்தில் தங்கவில்லை என்று பொருள். இவ்வளவையும் ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பழகினேன். பிறகு கை தானாகவே சரியாகச் செய்கிறது.

கைப்பழக்கத்தோடு சேர்ந்தது ஒழுங்கு. முழுப் பலன் தெரிய ஓரிரு வாரமாகும் என்பதால், தும்மல் வந்த அன்று மட்டும் அடிப்பவருக்கு இது ஏமாற்றமே தரும். நான் தை மாதக் கடைசியிலேயே, பூப்பதற்கு முன்பாக, பல் தேய்த்த கையோடு அடிக்கத் தொடங்கிவிடுகிறேன். தொடக்கத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு முறை அடிக்கச் சொன்ன மருத்துவர், கட்டுக்குள் வந்த பின் பக்கத்துக்கு ஒரு முறையாகக் குறைத்தார். 120 முறை அடிக்கும் புட்டி அப்படிக் குறைத்த பிறகு இரண்டு மாதம் வருகிறது. வாங்கும் அன்று மாத்திரை அட்டையைவிட விலை கூடுதலாகத் தெரிந்தாலும் நாள் கணக்கில் பார்த்தால் தாங்கக்கூடியதே.

ஸ்டீராய்டு என்ற அச்சத்தை நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. மருந்து மூக்கிலேயே பெரும்பாலும் வேலை செய்கிறது. விழுங்கப்படும் பகுதியைக் கல்லீரல் பெருமளவு சிதைத்துவிடுகிறது. ஆயினும் கண்ணில் நீர் அழுத்தமோ புரையோ உள்ளவர்களும், குழந்தைகளுக்கு நீண்ட நாள் தருபவர்களும் மருத்துவரின் கண்காணிப்பில்தான் பயன்படுத்த வேண்டும். குழந்தைகளைப் பொறுத்தவரை எனக்கு நேரடி அனுபவம் இல்லை. இளைப்பு, மார்பில் விசில் சத்தம் உள்ளவர்கள் எந்த மருந்தையும் தாமாகத் தொடங்கக் கூடாது; மூக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் அடிக்கடி சேர்ந்தே இருக்கும்.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது ஸ்ப்ரேக்கு நல்ல துணை. முதலில் கழுவிவிட்டுச் சிறிது நேரம் கழித்து அடித்தால் மருந்து சவ்வில் நன்றாகப் படிகிறது. இதற்குக் கொதிக்க வைத்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும். 2024-இல் கேரளத்தில் சிறுவர்களின் உயிரைப் பறித்த மூளை தின்னும் அமீபா மூக்கு வழியாகவே உள்ளே செல்கிறது. குழாய் நீரையோ கிணற்று நீரையோ அப்படியே மூக்கில் ஏற்றுவது விளையாட்டன்று.

சென்ற ஆண்டு எனக்குத் தோல் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்தார்கள். முடிவைக் குழப்பும் என்பதால் அதற்கு முன் ஒரு வாரம் அலர்ஜி மாத்திரை எதையும் தொடக் கூடாது. ஸ்ப்ரேயை நிறுத்தத் தேவையில்லை. பங்குனி மாதத்தில், கைவசம் எப்போதாவது போடும் மாத்திரைகூட இல்லாமல், அந்த வாரம் முழுவதும் அதே சாலையில் போய்வந்தேன். இரண்டு காலைப்பொழுதுகளில் மட்டும் கண் அரித்தது, மூக்கு அடைக்கவில்லை. பரிசோதனையில் வேலிக்காத்தானுக்கும் வீட்டுத் தூசிப் பூச்சிக்கும் தடிப்பு எழுந்தது. ஒவ்வாமை தரும் பொருளையே சிறிது சிறிதாக உடலில் செலுத்திப் பழக்கும் ஊசி மருத்துவத்தை மருத்துவர் எடுத்துச் சொன்னார். அதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் விடாமல் சென்றுவர வேண்டும். ஸ்ப்ரே இந்த அளவுக்குத் தாங்கும்வரை பொறுத்திருப்போம் என்று நான் சொன்னதை அவரும் ஏற்றுக்கொண்டார்.